துருப்பிடித்த ஜீன்

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு தை மாதம், ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பா அறுப்பைவிட மும்முரமாக ஒரு வேலை நடந்தது. தலைமுடியைக் கத்தரித்துப் பொட்டலம் கட்டுகிற வேலை.

கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஒரு பலகை முளைத்திருந்தது. ‘டாக்டர் இராஜாங்கம், ஜீன் ஜாதக நிபுணர். கிரகம் பொய் சொல்லலாம். டி.என்.ஏ. பொய் சொல்லாது.’ என்ன படித்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று நம்மிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன.

காலை ஐந்தரைக்கே டோக்கன். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஒரு கூட்டம், மன்னார்குடி பஸ்ஸில் ஒரு கூட்டம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள், பையனுக்கு விசா பார்க்கிறவர்கள், மூன்றாம் முறையாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவனை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். எல்லார் மடியிலும் முடிப் பொட்டலம். ஜோசியரிடம் போவது பழைய காலம். இது சயின்ஸ் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மனிதனின் மரபணுவை முழுசாகப் படித்துவிட்டார்களாம் என்று செய்தித்தாளில் வந்திருந்தது. படித்தது யார், எங்கே என்பதெல்லாம் மறந்துபோய், ஒரத்தநாட்டு மாடியில்தான் படித்தார்கள் என்கிற அளவுக்கு ஊர் வந்துவிட்டது.

உள்ளே போனால் முதலில் ஒரு பாரம். நான்கே கேள்வி. பெயர் என்ன, ஊர் எது, நிலம் எத்தனை மா, குடும்பத்தில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா. டி.என்.ஏ.வே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றால் சிங்கப்பூரில் இருக்கிற அண்ணனைப் பற்றி எதற்குக் கேள்வி? அதையும் யாரும் கேட்கவில்லை. பாரம் நிரப்பச் சொன்னால் நிரப்புவது நமக்குக் கைவந்த கலை.

பாரத்தை டாக்டர் படிப்பார். பிறகு பொட்டலத்தைச் சுவரோடு பொருத்திய ஓர் இரும்புப் பெட்டியின் துவாரத்தில் போடுவார். பச்சை விளக்கு எரியும். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கயிறுகள் பாம்பு மாதிரி பின்னிக்கொண்டு சுற்றும். மூன்றாவது நிமிஷம் கலர் காகிதம் வெளியே வரும். அதில் இரண்டே பலன். ஒன்று தங்க ஜீன், இன்னொன்று துரு ஜீன். தங்கம் என்றால் வாழ்த்துகள், ஊரெல்லாம் போய்ச் சொல்லுங்கள். துரு என்றால் கவலை வேண்டாம், நிவர்த்தி உண்டு. இரண்டு செம்புக் கம்பியைக் கயிறு மாதிரி முறுக்கிச் செய்த ஜீன் காப்பு. விலை நாலாயிரம். நாற்பத்தெட்டு நாள் கையில் கிடந்தால் துரு உதிர்ந்துவிடும். எங்கே உதிரும் என்று கேட்காதீர்கள்.

அந்தக் கலர் காகிதம் ஒன்றுதான் அறிவுமதியின் கல்யாணத்தில் வந்து விழுந்தது.

அறிவுமதி கால்நடைக் கல்லூரியில் நாலாம் வருஷம் படிக்கிறவள். அவள் அம்மா அம்சவல்லி அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துப் பறித்தே மகளை அந்தக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விட்டவள். அறிவுமதியின் அண்ணன் குவைத்தில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வயிறு உப்பிய ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி மருத்துவமனைக்கு ஓடிவந்தான் பரிதி. சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியன், லீவில் வந்திருந்தான். ஆடு பிழைத்தது. பரிதி சிங்கப்பூர் திரும்பிய பிறகு ஆட்டைப் பற்றி விசாரித்து அறிவுமதிக்குப் பதினொரு கடிதம் எழுதினான். ஆடு அவன் வீட்டிலேயே இருந்தது என்பதை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.

இந்த லீவில் பெண் கேட்டு வந்தாயிற்று. பேச்சு முடிகிற நேரத்தில், ‘எதுக்கும் ஜீன் பொருத்தம் பார்த்துடுவோம். உம் பொண்ணு முடியைக் கொஞ்சம் அனுப்பு’ என்றாள் பரிதியின் அம்மா தையல்நாயகி. அம்சவல்லியும் அனுப்பினாள். நாலாம் நாள் தையல்நாயகி இரண்டு கலர் காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

‘நீயே பாரு அம்சவல்லி. எம் புள்ளைக்குத் தங்கம். உம் பொண்ணுக்குத் துரு. புருஷன் சம்பாத்தியம் தங்காது, போற வீடு விளங்காது, மாமியாரை எதிர்த்துப் பேசும். எல்லாம் கலர்ல போட்டிருக்கு.’

‘மாமியாரை எதிர்த்துப் பேசறதுக்குத் தனியா ஜீன் இருக்கா அத்தை?’ என்றாள் அறிவுமதி.

‘பாத்தியா, ஆரம்பிச்சிடுச்சு.’

அம்சவல்லி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஏன் மூடினாள் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

‘நான் என்ன கல்நெஞ்சக்காரியா?’ என்றாள் தையல்நாயகி. ‘காப்பைப் போடச் சொல்லு. போட்டா இந்தக் கல்யாணம். போடலைன்னா இல்ல.’

அவள் போனதும், ‘போட்டுட்டுத்தான் போயேன்டி’ என்றாள் அம்சவல்லி.

‘மாட்டேன்.’

‘கையில ஒரு கம்பி கிடந்தா குறைஞ்சா போயிடுவே?’

‘கம்பி நாற்பத்தெட்டு நாள்மா. பேரு ஆயுசுக்கும். பால் திரிஞ்சாலும் துரு, பஸ் போயிட்டாலும் துரு. அவரு டிக்கெட் எடுத்துப் போயிடுவாரு. ரெண்டு வருஷம் அந்த வீட்ல இருக்கப்போறது நானு.’

பரிதியின் லீவு முடியப் பதினொரு நாள்தான் இருந்தது.

மறுநாள் அடுத்த வீட்டு ஹமீதா பானு வந்தாள். கணவர் சவூதியில், தம்மாமில் கடை வைத்திருக்கிறார். அவள் கையில் மூன்று காப்பு, மூன்று காகிதம்.

‘மூணு புள்ளைக்கும் துருவாம் அறிவு. பெரியவன் அவங்க வாப்பா மாதிரி. சின்னவ என்னை மாதிரி. நடுவுல உள்ளது யாரை மாதிரியும் இல்ல. துரு மட்டும் எப்படி மூணுக்கும் ஒரே அளவா வந்துச்சு?’

‘நல்ல கேள்விக்கா. இந்தக் கேள்வியை அங்க கேட்டீங்களா?’

‘அங்க ஏசி போட்டிருந்துச்சு. கேக்கத் தோணல.’

அறிவுமதி சிரித்துவிட்டாள். ‘மனுஷனுக்கு நாற்பத்தாறு குரோமோசோம்க்கா. உங்ககிட்டேருந்து இருபத்து மூணு, மாமாகிட்டேருந்து இருபத்து மூணு. ஒவ்வொரு புள்ளைக்கும் புதுசா கலைச்சுப் போட்டு எடுக்கும். அதான் மூணும் மூணு மாதிரி. முதல்ல ஒரே ஒரு செல். அது ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ஒவ்வொரு தடவை பிரியறதுக்கு முன்னாடியும் உள்ளே உள்ள எழுத்து மொத்தத்தையும் நகல் எடுத்துக்கும். அதனால கன்னத்துல எடுத்துப் பார்த்தாலும் கால் விரல்ல எடுத்துப் பார்த்தாலும் ஒரு ஆளுக்கு ஒரே எழுத்துதான்.’

‘அந்த எழுத்துல தம்மாம் விசா இருக்குமா?’

‘மூக்கு எப்படி இருக்கணும்னு இருக்கும். அந்த மூக்கு எந்த ஏர்போர்ட்ல போய் இறங்கும்னு இருக்காது. அதுவும் கத்தரிச்ச முடியில அந்த எழுத்தே கிடையாதுன்னு வச்சுக்குங்க. வேரோட பிடுங்கினாத்தான் உண்டு. வெட்டின முடி, காய்ஞ்ச வைக்கோல்.’

‘முடியா? நான் கொடுத்தது…’ என்று ஆரம்பித்த ஹமீதா பானு சட்டென்று பேச்சை மாற்றினாள். ‘என் தங்கச்சி புள்ளைங்க ரெண்டுக்கும் தங்கமாம். அவ மாப்பிள்ளை இங்கதான் வேன் ஓட்டுறாரு.’

அறிவுமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாலைக்குள் தெருவில் பதினாலு காகிதம் வாங்கிவந்து தரையில் பரப்பினாள். வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று எழுதிய வீடுகள் ஒன்பது. ஒன்பதும் துரு. இல்லை என்று எழுதியவை ஐந்து. ஐந்தும் தங்கம். நாலாயிரம் தரக்கூடியவனுக்கு நோய். தர முடியாதவனுக்கு வாழ்த்து, அவன் வாயால் இலவச விளம்பரம். மரபணுவை இவ்வளவு சுருக்கமாகப் படித்தவர் உலகத்திலேயே இராஜாங்கம் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒன்று மட்டும் இடித்தது. பரிதி சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுக்கு எப்படித் தங்கம்?

பஸ் நிலையத்தில் பரிதியைப் பார்த்துக் கேட்டாள். ‘அம்மாதான் போய் எழுதினாங்க. என்ன எழுதினாங்கன்னு தெரியாது’ என்றான் அவன். முகம் வாடியிருந்தது. ‘அம்மா இல்லாமலே பண்ணிக்கலாம் அறிவு. நான் ரெடி.’

‘நீங்க ரெடி. பண்ணிக்கிட்டு பிளேன் ஏறிடுவீங்க. உங்க அம்மா உங்க வீட்ல தனியா, நான் எங்க வீட்ல தனியா. அதுக்கா இத்தனை கடுதாசி எழுதினீங்க?’

‘வேற என்ன செய்யச் சொல்றே?’

‘வெள்ளிக்கிழமை காலையில அவங்களை அந்த மாடிக்குக் கூட்டிட்டு வாங்க. அது போதும்.’

தெருக்கோடியில் செல்லதுரை வளர்க்கிற உம்பளச்சேரிக் காளை ஒன்று உண்டு. கன்றாக இருந்தபோது செவலை, வளர்ந்ததும் சாம்பல் நிறம். அந்த இனத்துக்கு அதுதான் வழக்கம். நிறம் மாறியதற்காக அதன் ஜீன் மாறிவிடவில்லை. கன்றாக இருந்தபோது இருந்த அதே எழுத்துதான். அறிவுமதி அதன் திமிலில் கொஞ்சம் கருத்த முடியும், வால் நுனியில் கொஞ்சம் வெள்ளை முடியும் கத்தரித்தாள். இரண்டு பொட்டலம். வால் முடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள், திமில் முடி ஹமீதா பானுவுக்கு.

வெள்ளிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் முன்பே பலன் வாங்கி, காப்புக்காகத் திரும்பி வந்தவர்கள். மூலையில் தையல்நாயகி, அவள் பக்கத்தில் பரிதி. அறிவுமதியோடு அம்சவல்லியும் வந்திருந்தாள். மகள் காப்புப் போடச் சம்மதித்துவிட்டாள் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டு. டாக்டருக்கு மைக்கில் பலன் வாசிக்கிற பழக்கம் உண்டு. ஒருவர் துரு இன்னொருவர் காதில் விழுந்தால்தானே வியாபாரம்.

முதலில் ஹமீதா பானு. பாரத்தில் பெயர் மணிமாறன், அண்ணன்கள் இருவர் சிங்கப்பூரில். பச்சை விளக்கு எரிந்தது. கயிறு சுற்றியது.

‘துரு’ என்றார் டாக்டர் வருத்தத்தோடு. ‘ரொம்பப் பழைய துரு. அண்ணன்மார் சம்பாத்தியத்தை இவர் ஜீன் அரிக்குது. தண்ணியில கண்டம். பொண்டாட்டி பேச்சைக் கேக்க மாட்டாரு.’

கூடம் உச்சுக்கொட்டியது.

அடுத்தது அறிவுமதி. பாரத்தில் பெயர் தமிழ்வாணன், நிலம் அரை மா, வெளிநாட்டில் யாரும் இல்லை.

‘அடடே, தங்கம்’ என்றார் டாக்டர். ‘பொறுமைசாலி. சைவம். நாற்பது வயசுக்குள்ள கவர்மென்ட் உத்தியோகம்.’

சைவம் என்பது மட்டும் சரி.

‘டாக்டர்’ என்றாள் அறிவுமதி. ‘நானும் இந்த அக்காவும் கொண்டுவந்தது ரெண்டும் ஒரே உடம்பு முடி. ஒரு உடம்புக்கு ரெண்டு ஜீனா?’

‘ஒரே உடம்பா இருக்கவே இருக்காதும்மா. ஜீன் வேற வேற. மிஷின் பொய் சொல்லாது.’

‘மனுஷனுக்கு நாற்பத்தாறு குரோமோசோம். மாட்டுக்கு அறுபது. உங்க மிஷின் பார்த்திருந்தா பதினாலு கூடுதலா இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கும். ரெண்டும் எங்க தெரு செல்லதுரை மாமா காளையோட முடி. திமில்ல இருந்தது துரு, வாலுக்குக் கவர்மென்ட் உத்தியோகம்.’

கூடத்தில் எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது.

இராஜாங்கம் லேசுப்பட்டவர் இல்லை. மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். ‘கேட்டீங்களா? பொய் முடி கொடுத்து விஞ்ஞானத்தை ஏமாத்துறாங்க. மாட்டு முடியைக் கொடுத்தா மிஷின் குழம்பத்தான் செய்யும். உண்மையான முடிக்கு உண்மையான பலன். இங்க இவ்வளவு பேரு இருக்கீங்க. உங்கள்ல யாராவது இந்தப் பொண்ணு மாதிரி பொய் முடி கொடுத்தீங்களா? சொல்லுங்க.’

வக்கீல்களுக்கு ஒரு பாடம் உண்டாம், பதில் தெரியாத கேள்வியைக் கூட்டத்தில் கேட்கக் கூடாது என்று. ஜீன் நிபுணருக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை.

கூடத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பாத்திரம் உடைந்த வீட்டில் பிள்ளைகள் நிற்பார்களே, அப்படி.

ஹமீதா பானுதான் முதலில் பொறுக்கமாட்டாமல் சிரித்தாள். ‘நான் முன்னாடி கொடுத்தது மூணும் என் மக பொம்மையோட முடி.’

‘பொம்மை முடியா? ஏம்மா?’ என்றார் டாக்டர்.

‘பெத்த புள்ளைங்க முடியை முன்னப்பின்னத் தெரியாத ஆம்பளை கையில யாராவது கொடுப்பாங்களா? எதையாவது வச்சுத் தொலைச்சீங்கன்னா?’

அணை திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. மன்னார்குடிக்காரர் கொடுத்தது தென்னை நார். பட்டுக்கோட்டை அம்மாள் கொடுத்தது பழைய சவுரி. ஒரு மருமகள், செய்வினை பட்டால் அங்கே படட்டும் என்று மாமியார் முடியைக் கொடுத்திருந்தாள். அந்த மாமியாரும் பக்கத்திலேயே நின்றாள். கோபப்பட அவளுக்கு வாயில்லை, அவள் கொடுத்தது மருமகள் முடி. மந்திரத்துக்குப் பயந்து ஒருவருமே சொந்த முடியைத் தரவில்லை. ஆனால் வந்த பலனை மட்டும் எல்லாரும் சொந்தமாக்கிக்கொண்டு, ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறார்கள்.

பரிதி மெதுவாகத் திரும்பினான். ‘அம்மா. என் பேருக்கு என்ன கொடுத்தீங்க?’

தையல்நாயகி முந்தானையைத் திருகினாள். ‘ஆட்டு முடி.’

‘ஆட்டுக்கா தங்க ஜீன்?’

‘ஒத்தப் புள்ளை முடியை எப்படிடா கொடுக்கறது? சிங்கப்பூரையும் எழுதல. கண்ணு பட்டுடும்.’ சொன்ன வேகத்தில் அம்சவல்லி பக்கம் திரும்பினாள். ‘நீயாவது ஒழுங்கா உம் பொண்ணு முடியைத்தானே அனுப்பினே?’

அம்சவல்லி மகளுக்குப் பின்னால் அரை அடி நகர்ந்தாள். ‘கோவிச்சுக்கக் கூடாது அண்ணி. நீங்க வேற புதுசு. என்ன ஏதுன்னு தெரியல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, பஸ்ல காத்தடிச்சுக் கொண்டை அவுந்துபோச்சுன்னு எங்கிட்ட சீப்பு கேட்டீங்களே.’

‘ஆமா.’

‘சீப்புல இருந்ததை அப்படியே சுருட்டிப் பொட்டலம் கட்டிட்டேன். உங்க வீட்டு முடி உங்க வீட்டுக்கே வந்தா ஒரு கெடுதலும் இல்லைன்னு நினைச்சேன்.’

தையல்நாயகி இடுப்பிலிருந்து கலர் காகிதத்தை எடுத்தாள். பரிதி வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை; வந்த நாளிலிருந்தே மனப்பாடம். புருஷன் சம்பாத்தியம் தங்காது. போற வீடு விளங்காது. மாமியாரை எதிர்த்துப் பேசும்.

‘கடைசி வரி சரிதான்’ என்றார் அவள் ஊர்க்காரர் ஒருவர், நல்லவேளையாக மெல்லிய குரலில்.

தையல்நாயகி சிரிக்கவில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். ‘ஏன்யா. எம் முடியைப் பார்த்தா நான் போன வீடு விளங்காதுன்னு எழுதினே? இவன் அப்பா செத்தப்ப ஒரு மா நிலம் கிடையாது எங்களுக்கு. குனிஞ்சு நட்டு, குனிஞ்சு அறுத்து, ஆறு மா வாங்கினேன். இவனைப் படிக்க வச்சேன். எந்த எழுத்துலய்யா படிச்சே, நான் விளங்காதவன்னு?’

‘அது வந்தும்மா, அது உங்க முடின்னு தெரிஞ்சிருந்தா…’

‘தெரிஞ்சிருந்தா வேற எழுதியிருப்பியா?’

தையல்நாயகி மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் இருந்த திரையை விலக்கினாள். துவாரம் சுவரைத் தாண்டி ஒரு சிமென்ட் சாக்குக்குள் முடிந்தது. சாக்கு நிறையப் பொட்டலம். கட்டிய நூல்கூட அவிழவில்லை. விஞ்ஞானம் முடியைப் பார்த்ததே இல்லை.

அவள் சாக்கைக் கூடத்தின் நடுவே இழுத்துவந்து கவிழ்த்தாள். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் பின்பக்கப் படியில் இறங்கிவிட்டார். துணிக்கடைக்காரரின் ஆட்களும் கறிவேப்பிலை விற்கிற கிழவியும் சேர்ந்து அவரை பஸ் நிலையத்தில் பிடித்தார்கள். காப்பு வாங்கியவர்கள் பணம் திரும்பக் கேட்க, போலீஸ் வந்தது. மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு இங்கே ஒரு கல்யாணம் பாக்கி இருக்கிறது.

தையல்நாயகி அறிவுமதியின் எதிரில் வந்து நின்றாள்.

‘எதிர்த்துப் பேசற குணம் உண்டுன்னா இப்பவே சொல்லிடு.’

‘உண்டு அத்தை.’

‘சரி’ என்றாள் தையல்நாயகி. ‘இவன் போனதுலேருந்து வீட்ல பேச்சுக்குப் பேச்சு நிக்க ஆளில்லாம வாய் புளிச்சுக் கிடக்கு. வர்ற வாரமே கல்யாணத்தை முடிச்சிடுவோம்.’

‘நாள் பாக்கணுமே அண்ணி’ என்று இழுத்தாள் அம்சவல்லி.

‘மண்டபம் என்னைக்குக் காலியோ அதுதான் நல்ல நாள்.’

பரிதி அறிவுமதியின் வெறுங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான்.

அவர்களுக்குப் பின்னால் கூடத்தில் ஒரே தள்ளுமுள்ளு. கவிழ்ந்த பொட்டலங்களுக்கு நடுவே ஆளாளுக்குத் தங்கள் பெயர் போட்டதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ‘என்னோடது எங்கே, வேற யார் கையிலாவது சிக்கிடப் போகுது’ என்று தென்னை நார் கொடுத்தவர்கூட முட்டிபோட்டுத் தேடினார்.

இவ்வளவு உஷாரான மனிதர்களை நீங்கள் உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. தெரியாத ஒருவனை நம்பி ஒற்றை முடியைக்கூடத் தர மாட்டார்கள். அந்த முடி முளைத்த தலையை மட்டும் முதல் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு வருவார்கள்.